எல்லாம் சேர்த்துப் பதினாலு டன்

ஆனி 5, புதன்

இன்று காலை என் ரயில் எஞ்சின் கடைத்தெரு வளைவில், தண்டவாளத்தைத் தாங்கும் கர்டரை உடைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டது. சாவு இல்லை. தூணுக்குக் கீழே கருவாடு விற்கும் குருவம்மாவுக்கு இடது கை கொதிநீரில் வெந்துவிட்டது.

திறப்பு விழா என்று மேளம், மாலை, சந்தனம் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தேன். பஞ்சுப் பொதி அடுக்கி வைக்கும் என் கிட்டங்கி ஊருக்கு மேற்கே இருக்கிறது. கப்பலுக்குப் பொதி ஏற்றும் கடற்பாலம் கிழக்கே. நடுவில் சிப்பித்துறைக் கடைத்தெரு. இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒருவன் மாட்டை அவிழ்த்து வண்டியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தண்டவாளம் போட ஓரடி கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர்கள் மாட்டோம் என்றார்கள். சரி, தெரு உங்களுக்கு, தெருவுக்கு மேலே எனக்கு என்று நகரசபையில் அனுமதி வாங்கி, இரும்புத் தூண் நட்டு மாடி உயரத்தில் ரயில் போட்டேன். இந்தப் பக்கத்தில் எவனும் செய்யாத காரியம். அதுதான் இன்று இப்படி ஆனது.

டிரைவர் மீராசா நல்ல மனுஷர். எஞ்சின் சாய்ந்த பிறகும் குதிக்கவில்லை. நீராவியைத் திறந்துவிட்டு, நெருப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் இறங்கினார்.

நகரசபைத் தலைவர் வந்து, "என்ன அண்ணாச்சி, எங்க தப்பு?" என்று கேட்டார்.

"கணக்கு எஞ்சினியர் போட்டது. தாங்கும்னு அவருதான் சொன்னாரு" என்றேன்.

எஞ்சினியர் கஸ்பார் மொறாயிஸ் பக்கத்திலேயே நின்றார். இந்த ஊர்ப் பிள்ளைதான், வயது முப்பதுகூட இருக்காது. மதராசில் படித்து, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலைவரிடம், "கணக்கைத் திரும்பப் போட்டுப் பாக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கணக்கு அவர் போட்டதுதான்.

ஆனி 6, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். குருவம்மா கையில் முழங்கை வரை கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. மேல ரயிலு விடுதேன் விடுதேன்னீய. கடைசில எங் கையில விட்டுட்டீய."

"செலவு பூரா என்னோடது" என்றேன்.

"கைக்குச் சரி. கருவாடு? அத்தனையும் அவிஞ்சி போச்சே. அவிச்ச கருவாட்ட எவன் வாங்குவான்? நீங்க வாங்குவீயளா?"

வாங்குகிறேன் என்றேன். பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள்.

கிளம்பும்போது குருவம்மா சொன்னாள்: "அந்த மொறாயிஸ் மவன் விடியவுமே வந்துட்டான். தலமாட்டுல நின்னு அழுதான் அண்ணாச்சி. படிச்ச புள்ள, மீச வச்ச புள்ள, பொம்பள மாதிரி அழுதான். போட்டும்யா, கணக்குன்னா தப்பத்தான் செய்யும்னு நாந்தான் தேத்தி அனுப்புனேன்."



ஆனி 7, வெள்ளி

பஞ்சு விலை இறங்கியிருக்கிறது. எஞ்சின் அப்படியே நிற்கிறது. கடைத்தெருவுக்குப் போகாமல் கடற்கரை வழியாகச் சுற்றிக் கிட்டங்கிக்குப் போனேன்.

ஆனி 9, ஞாயிறு

சாப்பிடும்போது வடிவு கேட்டாள். என் வீட்டுக்காரி பேச்சை எப்போதும் சோற்றைப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். எழுந்து போக முடியாது.

"அந்தப் பிள்ள முதல்ல வேற எஞ்சின்லா வரஞ்சி கொண்டாந்தான்? நம்ம கூடத்துல விரிச்சி வச்சி எனக்குக்கூடக் காட்டுனானே."

உண்மைதான். எழுதி வைக்கிறேன்.

கஸ்பார் வரைந்த எஞ்சினில் பாய்லருக்கு அடியில் நாலு பெரிய சக்கரம். பின்னால் டிரைவர் நிற்கும் இடத்துக்கு அடியில் நாலு சின்னச் சக்கரம், தனி வண்டி மாதிரி திரும்பக்கூடியது. தண்ணீர்த் தொட்டியும் கரிப்பெட்டியும் அந்தச் சின்னச் சக்கரங்களின் மேல் உட்காரும். "அண்ணாச்சி, தண்ணி ஓட ஓடக் கொறையும், கரி எரிய எரியக் கொறையும். அதை இழுக்குற சக்கரத்து மேல வச்சா ஒரு நேரம் பாரம் கூடும், ஒரு நேரம் கொறையும். பின்னால வச்சிட்டா இழுக்குற சக்கரத்துல எப்பவும் ஒரே பாரம். மொத்த பாரமும் எட்டுச் சக்கரத்துல பரவிடும். தூணு நோகாது. வளைவுலயும் லேசாத் திரும்பும்" என்றார். தரையில் ஓடும் எஞ்சினுக்குக் கீழே பூமி இருக்கிறது, எத்தனை பாரமானாலும் வாங்கிக்கொள்ளும், உயரத்தில் ஓடுவதற்குக் கீழே தூண் மட்டும்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அப்படி ஒன்றைப் புதிதாகச் செய்து வரவழைக்க ஆகும் செலவைக் கேட்டேன். மறுநாளே கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டேன். அங்கே துறைமுக வேலை முடிந்து சும்மா நின்ற பழைய எஞ்சின் ஒன்றைப் பேசி முடித்தேன். ஆறு சக்கரம். தண்ணீர்த் தொட்டி பாய்லருக்கு இரண்டு பக்கமும், கழுதை மேல் பொதி போட்ட மாதிரி.

கஸ்பாருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வேலை செய்தார். நெருப்புத் துணுக்கு தெருவில் விழாமல் சாம்பல் பெட்டியை மூடினார். எண்ணெய் சொட்டாமல் அடியில் தகரத் தட்டு கட்டினார். புஸ்ஸென்ற சத்தத்துக்கு வண்டி மாடுகள் மிரளும் என்று, வேலை முடிந்த நீராவியை வெளியே விடாமல் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே திருப்பிவிட்டார். நான் கொழும்பிலிருந்து திரும்பியபோதே தூணும் கர்டரும் பாதி நின்றுவிட்டன. பதினைந்து டன்னுக்கு மேல் கூடாது என்றார். எடை என்ன என்று கேட்டார். பதினாலு டன் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அவன் வரஞ்சது அழகா இருந்துச்சி" என்றாள் வடிவு. நான் கை கழுவிவிட்டேன்.

ஆனி 11, செவ்வாய்

கஸ்பாருக்குத் துறைமுக ஆபீசில் வேலை ஆகியிருந்தது. நம் ரயில் ஓட ஆரம்பித்ததும் சேருவதாகப் பேச்சு. நிரந்தர உத்தியோகம், வீடு உண்டு. இப்போது, "விசாரணை முடியட்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். மீராசாதான் வந்து சொன்னார்.

"மொதலாளி, பஜார்ல அவர நடக்க விடமாட்டேங்கானுவ. வெத்தலக்கடைக்காரன், 'சார், எங் கட மாடிப்படி தாங்குமா, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்'ங்கான். அவரும் நின்னு படியப் பாத்துட்டு, தாங்கும்னு சொல்லிட்டுப் போறாரு. கிண்டல் பண்ணுதான்னுகூட விளங்கல மனுஷனுக்கு."

விளங்காமல் இருக்காது.

மீராசா போகாமல் நின்றார். "வெள்ளோட்டம் விடும்போதெல்லாம் நல்லாத்தான மொதலாளி ஓடுச்சி? மூணு தரம் போயிட்டு வந்தோமே?"

"அதுதான் எனக்கும் புரியல" என்றேன்.

மனுஷர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வெள்ளோட்டத்தின்போது தொட்டியில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. இந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு, பாய்லருக்கு ஆகாது. நல்ல தண்ணீர் வண்டியில் வர வேண்டும், காசு கொடுக்க வேண்டும். ஓடிப் பார்ப்பதற்கு எதற்கு நிறையத் தண்ணீர் என்று நான்தான் சொன்னேன். திறப்பு விழா அன்றுதான் தொட்டி நிறைய ஊற்றி, கரியையும் கோபுரமாகக் குவிக்கச் சொன்னேன், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று.

இதை மீராசாவே யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

ஆனி 14, வெள்ளி

கஸ்பார் கிட்டங்கிக்கு வந்தார். கையில் காகிதக் கட்டு. சவரம் செய்து நாலு நாள் இருக்கும். தரகர்கள் இருந்தார்கள், அவர்களை வெளியே அனுப்பினேன்.

"தப்ப எங்க விட்டேன்னு தெரியல அண்ணாச்சி. இரும்பு நல்ல இரும்பு. தூணு அசையல. வளைவுல சாயிற பாரத்தையும் சேத்துத்தான் போட்டிருக்கேன். மதராஸ்ல எங்க வாத்தியாருக்கு அனுப்புனேன், அவரும் சரியாத்தான் இருக்குங்காரு. ஆனா கர்டர் ஒடஞ்சி நிக்குதே. எனக்குத் தூக்கம் போச்சு."

"விடுங்க தம்பி. ஆனது ஆயிட்டு."

"எடை மட்டும் இன்னொருக்கச் சொல்லிருங்க. பதினாலுதானே?"

"பதினாலுதான்."

"தண்ணி, கரி எல்லாம் சேத்துத்தானே?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சந்தேகம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன், எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பையன் விடையைச் சரிபார்க்கக் கேட்பதுபோலக் கேட்டார்.

"எல்லாம் சேத்துத்தான்" என்றேன்.

"அப்போ தப்பு எங்கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டுக் காகிதங்களை அடுக்கினார். ஒரு தாள் விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். தேங்க்ஸ் அண்ணாச்சி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியது சரியில்லை. முதலில் எடை கேட்ட அன்றைக்கும் அவர் இதே கேள்வியைக் கேட்டார். நான் அன்றைக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

ஆனி 16, ஞாயிறு

கொழும்பில் நடந்தது இது.

ஏஜெண்டு எஞ்சினை டன் கணக்கில்தான் விலை சொன்னான், பழைய இரும்பு மாதிரி. பதினெட்டு டன் என்றான். நான் விடவில்லை. "தண்ணியும் கரியும் சேத்து நிறுத்தா எப்பிடி? பஞ்சு வாங்கும்போது சாக்கையும் பட்டையையும் கழிச்சிட்டுத்தான் எட போடுவோம். எனக்குக் காலி எட சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் இழுத்தான். கடைசியில் காலி எடை பதினாலுக்கு இறங்கி வந்தான். நாலு டன்னுக்கு உண்டான விலையைக் குறைத்துவிட்டேன் என்று கப்பலில் அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

ஊருக்கு வந்ததும் கஸ்பார் பதினைந்து டன்தான் தாங்கும் என்றார். பணம் கொடுத்தாகிவிட்டது. எஞ்சின் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. அவர் எடை எழுதிய சீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். "நாஞ் சொல்லுதேம்லா" என்றேன். அவ்வளவுதான். இந்த ஊர்ச் சந்தையில் இந்தத் தவசிலிங்கம் சொன்ன எடைக்கு மறுஎடை கிடையாது. நான் எடை சொன்ன பொதியை இன்னொரு தராசில் வைத்தால் என்னை அடித்ததற்குச் சமம். அவர் இந்த ஊர்ப் பிள்ளை, அந்த மரியாதை தெரியும். வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் சீட்டைக் கேட்டு வாங்கியிருப்பான்.

தெரியாமல் செய்ததல்ல. பதினைந்து என்று அவர் சொன்னபோது, பேரத்துக்கு இடம் வைத்துத்தான் சொல்லுகிறார் என்று நினைத்தேன். பத்துக்கு விற்கிறவன் பதினைந்து சொல்லுவான். பதினைந்து தாங்கும் என்கிறவனிடம் இருபது இருக்கும். நான் பிறந்து வளர்ந்து பார்த்த மனுஷர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். உள்ளதை உள்ளபடி ஒருவன் சொல்லுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது சொன்னால் என்ன ஆகும்? கர்டர் போனது போனதுதான். என் எடைச்சொல் போய்விடும். அது போனால் நான் யார்? தலையில் பருத்தி மூட்டை சுமந்து இந்த ஊருக்கு வந்தவன். அந்தச் சொல் ஒன்றுதான் நான் சம்பாதித்தது. கஸ்பார் படித்தவர். வேறு ஊரில் பிழைத்துக்கொள்வார்.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு எனக்கே கூசுகிறது.

ஆனி 19, புதன்

எஞ்சினை இறக்க வேண்டும். நகரசபை கெடு வைத்துவிட்டது. கூலி வேண்டாம் என்று சொல்லி கஸ்பாரே பொறுப்பெடுத்துக்கொண்டார்.

இன்று கரியை இறக்கிவிட்டு, தொட்டித் தண்ணீரை வடித்தார்கள். நல்ல தண்ணீர் என்று கேள்விப்பட்டுப் பெண்கள் குடத்தோடு ஓடிவந்துவிட்டார்கள். "எண்ணெ மெதக்குது, குடிக்காதீங்க" என்று மீராசா மேலேயிருந்து கத்தினார். "தொவைக்கத்தான் அண்ணே" என்று ஒருத்தி கத்தினாள். "ஒங்க மொதலாளி காசு குடுத்து வாங்குன தண்ணி, ஒரு பொட்டுத் தரையில விழக்கூடாதுல்லா!" தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

பிறகு கஸ்பார், பாரம் தூக்கும் கலாசிகளின் மேஸ்திரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மொத்தம் பதினாலு. தண்ணியும் கரியும் நாலு டன் போச்சு. பாக்கி பத்து. பத்துக்குத் தகுந்த சங்கிலி போட்டாப் போதும். கனத்த கப்பியெல்லாம் மேல ஏத்துனா ஒடஞ்ச கர்டருக்கு அதுவே பாரம்."

அவர் போட்ட கணக்கு சரி. ஆனால் தண்ணீர் போன பிறகும் எஞ்சின் பதினாலு.

கலாசிகள் பன்னிரண்டு பேர். சிலர் எஞ்சினுக்கு அடியில் நின்றுதான் கட்டை கொடுக்க வேண்டும்.

ஆனி 20, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. நாளைக் காலை தூக்குகிறார்கள்.

ஆனி 21, வெள்ளி

தூக்கவில்லை. நான் நிறுத்தினேன்.

விடிந்ததும் போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சங்கிலி மாட்டி முடிக்கப் பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. கடைக்காரர்கள் எல்லாரும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தேன். "இன்னைக்கி வேண்டாம். ராகுகாலம் பொறந்துட்டு" என்று வந்தது.

மேஸ்திரி திகைத்துப்போனார். மீராசா மெதுவாக, "மொதலாளி, எனக்கும் ராகுகாலம் கெடையாது, எஞ்சினியர் சாருக்கும் கெடையாது. எஞ்சினுக்கு உண்டுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கஸ்பார் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி மனசுக்குச் சங்கடம்னா நாளைக்கி வச்சிக்கிடலாம்" என்றார்.

என் மனசுக்குச் சங்கடமாம்.

வீட்டில் வடிவு கேட்டாள்: "ராகுகாலமா? நம்ம கல்யாணத்துக்கே நேரம் பாக்காத ஆளு நீங்க. ஏலம் இருக்குன்னு தாலியக் கட்டிட்டு ஓடுனீய. எனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியும் ஒனக்கு?"

"என்னன்னு தெரியாது. என்னமோ இருக்குன்னு தெரியும். அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கேன் நான். அவன் பேரச் சொன்னாலே நீங்க எலையப் பாக்குதீய."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் அழவில்லை, திட்டவில்லை. "நாளைக்கும் ராகுகாலம் உண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனி 22, சனி

 நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தூக்க ஆரம்பித்தார்கள். நான் வெற்றிலைக்கடை வாசலில் நின்றேன். கஸ்பாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் மேலே ஏறிவிட்டார். இறங்கட்டும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. மேஸ்திரி கையைக் காட்டினார், சங்கிலி இறுகியது. நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். ஏலேலோ என்று கலாசிகள் இழுத்தார்கள். எஞ்சின் அசையவில்லை. "பத்து டன்னு என்னமா கனக்கு!" என்று ஒருவன் சொன்னான். இன்னும் இழுத்தார்கள். சங்கிலி கிரீச்சென்றது. கீழே நாலு பேர் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார்கள்.

"நிறுத்துங்கலே!" என்று கத்தினேன். "அது பத்து இல்ல! பதினாலு! காலி எட பதினாலு!"

சத்தம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. தெரு முழுக்கக் கேட்டது. கலாசிகள் சிதறி ஓடினார்கள். மேஸ்திரி மெல்ல மெல்லச் சங்கிலியைத் தளர்த்தினார். எஞ்சின் பழைய இடத்திலேயே உட்கார்ந்தது.

கஸ்பார் மேலேயிருந்து, "என்ன சொன்னீங்க?" என்றார்.

சொன்னேன். எல்லாரும் கேட்கவே சொன்னேன். காலி எடையைத்தான் வாங்கினேன். தண்ணீரோடும் கரியோடும் பதினெட்டு. அவர் கேட்டபோது எல்லாம் சேர்த்துப் பதினாலு என்று நான்தான் சொன்னேன். அவர் கணக்கில் தப்பு இல்லை.

 யாராவது கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெற்றிலைக்கடைக்காரன் என்னைப் பார்க்காமல் வெற்றிலையைத் திருப்பித் திருப்பி அடுக்கினான். கலாசிகளில் ஒருவன் உட்கார்ந்து தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தான்.

குருவம்மா கட்டுப் போட்ட கையோடு அங்கே நின்றாள். "அண்ணாச்சி," என்றாள், "எனக்குக் கருவாட்டுக் காசு குடுத்தீயளே, அத நாந் திருப்பிக் குடுத்துருதேன். நாந் தேத்தி அனுப்புனேனே அந்தப் புள்ளய, கணக்கு தப்பத்தான் செய்யும்னு. அந்தச் சொல்ல நான் எப்பிடித் திருப்பி வாங்க?"

கஸ்பார் ஏணியில் இறங்கினார். என்னைக் கடந்துதான் போக வேண்டும், தெரு அவ்வளவுதான் அகலம். கடந்து போனார். என் மேல் படாமல் சற்று ஒதுங்கிப் போனார்.

ஆனி 24, திங்கள்

கனத்த சங்கிலியும் பெரிய கப்பிகளும் வந்தன. கர்டருக்குக் கீழே மரத்தூண் முட்டுக் கொடுத்து எஞ்சினை இறக்கிவிட்டார்கள். நான் போகவில்லை. கஸ்பார்தான் நின்று இறக்கினார் என்று மீராசா சொன்னார்.

சந்தையில் இன்று என் பொதிகளை மறுஎடை போட்டார்கள். எடை சரியாகவே இருந்தது. போட்டவன், "தப்பா நெனச்சிக்கிடாதீங்க அண்ணாச்சி" என்றான். நினைக்க எனக்கு என்ன இருக்கிறது.

ஆனி 26, புதன்

துறைமுக ஆபீசுக்குப் போய்த் துரையிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்த வேலைக்குப் போன வாரமே வேறு ஆளைப் போட்டாகிவிட்டதாம். உண்மை ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

வடிவிடம் சொன்னேன். "ஒரு வாரம்" என்றாள். 

ஆனி 30, ஞாயிறு

கோயில் பூசை முடிந்து கஸ்பார் வீட்டுக்கு வந்திருப்பார் என்று நேரம் பார்த்துப் போனேன். வாசலிலேயே நின்று பேசினோம். உள்ளே கூப்பிடவில்லை. அவருடைய அம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார்கள், பிறகு போய்விட்டார்கள்.

"தம்பி, நீங்க என்ன கேட்டாலும் தாரேன்" என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஆரம்பம் அது ஒன்றுதான்.

"என்ன தருவீங்க?"

என் கை மடியைத் தொட்டது.

"எனக்கு உங்க பணம் வேண்டாம்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு" என்றார். "ஆனா வேலையும் இல்ல. வேற ஊருக்குப் போனா, கடைத்தெருவுல கவுந்த ரயிலப் போட்டவன்தானேம்பான். நீங்க சொன்னது இந்தத் தெருவுக்குத்தான் கேட்டுது, மதராசுக்குக் கேக்கல. அந்த ரயில் ஒழுங்கா ஓடுனாத்தான் எம் பேரு நிமிரும். அதனாலதான் ஒங்ககிட்டப் பேசிட்டிருக்கேன். வேற எதுனாலயும் இல்ல."

"புரியுது."

"புரியணும்னு இல்ல. கேட்டுக்கிட்டாப் போதும்."

அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். என் பழக்கத்துக்கு ஒரு இடத்தில், "அதக் கொஞ்சம்..." என்று வாய் திறந்தது. அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மூடிக்கொண்டேன். பிறகு கடைசிவரை ஒன்றையும் குறைக்கச் சொல்லவில்லை.

பேசி முடித்தது இது. பழைய எஞ்சினை விற்றுவிட வேண்டும். அவர் முதலில் வரைந்த எஞ்சினையே, தொட்டியும் கரியும் பின்சக்கரத்தின் மேல் இருக்கும்படி, புதிதாகச் செய்து வரவழைக்க வேண்டும், அதில் ஒரு ஆணியைக்கூட நான் மாற்றச் சொல்லக்கூடாது. உடைந்தது என் தவறால் என்று நானே கையெழுத்துப் போட்டு மதராஸ் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். வேலை முடியும்வரை மாதம் நூற்றெண்பது ரூபாய், மாதம் முடிந்த பிறகுதான் வாங்குவார், முன்பணம் தொடமாட்டார். ரயில் ஓடிய மறுநாள் அவர் போய்விடுவார், போக வேண்டாம் என்று நான் சொல்லக்கூடாது. இன்றிலிருந்து அவரைத் தம்பி என்று கூப்பிடக்கூடாது, மிஸ்டர் மொறாயிஸ் என்று கூப்பிட வேண்டும்.